பார்த்துத் திரும்பும் கண்

கோகிலவாணிக்குச் சோறு போட்டது அவள் கண்தான். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. பிறந்த குழந்தைகளுக்கான வெள்ளைச் சட்டைகளை, கீழிருந்து விளக்கெரியும் கண்ணாடி மேசையில் விரித்துப் போட்டு, ஊசிமுனை அளவுக்கு எண்ணெய்க் கறை இருந்தாலும் கண்டுபிடித்துச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். ஊரில் மற்ற வேலைகளையெல்லாம் கேமராவும் மெஷினும் பிடுங்கிக்கொண்டு வெகுநாளாயிற்று. குழந்தைத் துணியை மட்டும் மனுஷக் கண் ஒருமுறை பார்த்தே ஆகவேண்டும் என்று கடல் கடந்த வியாபாரி பிடிவாதமாக இருந்தான். அந்த மெஷின்களைச் செய்து விற்றதே அவன் ஊர்க்காரர்கள்தான். அதனால்தானோ என்னவோ அவற்றின் மேல் அவனுக்கு நம்பிக்கை இல்லை.

கோகிலாவின் கண்ணுக்குத் தப்பி ஒரு கறை கப்பல் ஏறியதில்லை என்று கம்பெனியில் பேச்சு. சூப்பர்வைசர் மல்லிகா யாரையும் லேசில் புகழ்ந்துவிட மாட்டாள். அவள்கூடப் புதிதாக வரும் பெண்களிடம், "கோகிலாக்கா எப்படிப் பாக்கறாங்கன்னு பாருங்கடி" என்பாள்.

அப்பேர்ப்பட்ட கண்ணில்தான் பூச்சி பறக்க ஆரம்பித்தது.

முதல் நாள் அதைத் துணியில் ஒட்டிய நூல் என்று நினைத்து நகத்தால் கிள்ளப் பார்த்தாள். அது நகர்ந்தது. துரத்தினால் இன்னும் தள்ளிப் போனது. கண்ணை அசைக்காமல் வைத்திருந்தால் சோம்பலாகக் கீழே இறங்கியது. கண்ணைக் கசக்கினாள், பச்சைத்தண்ணீர் அடித்துக் கழுவினாள், ஒன்றும் ஆகவில்லை. வானத்தைப் பார்த்தால் இரண்டு தெரிந்தது, சுவரைப் பார்த்தால் மூன்று, விளக்கு மேசையில் குனிந்தால் ஒரு குடும்பமே குடியிருந்தது.

பயந்துபோய் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே இருந்த டாக்டர் சின்னப் பெண். மருந்து விட்டுக் கண்ணை அகலமாக்கி, வெளிச்சம் அடித்து, பொறுமையாகப் பார்த்தாள்.

"பயப்பட ஒண்ணுமில்லீங்கக்கா. கண்ணுக்குள்ள ஜெல்லி மாதிரி ஒண்ணு இருக்கு. வயசாக ஆக அது சுருங்கி அங்கங்க நூல் நூலாத் திரண்டுக்கும். அதோட நிழல் பின்னாடி இருக்கற விழித்திரையில விழுது. நீங்க பாக்கறது பூச்சியில்ல, நிழல்."

"அதை எடுத்துப் போட முடியாதுங்களா?"

"எடுக்கலாம். ஆனா அது பெரிய ஆபரேஷன், இருக்கற பார்வைக்கே ஆபத்து வரலாம். இதுக்குப் போய் அது வேண்டாம். கொஞ்ச நாள் போனா மூளையே இதைக் கண்டுக்காம விட்டுரும். திடீர்னு பூச்சி கூட்டமா வந்தாலோ, மின்னல் வெட்டற மாதிரி இருந்தாலோ, ஓரத்துல திரை விழுந்த மாதிரி இருட்டினாலோ மட்டும் அன்னிக்கே ஓடி வாங்க. மத்தபடி விட்டுருங்க."

அந்தப் பெண் சொன்னது அத்தனையும் சரி. அதைக் கேட்டு நடந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை. ஆனால் கண்டுகொள்ளாமல் விடு என்று ஒரு செக்கிங்காரியிடம் சொன்னால் அவள் என்னதான் செய்வாள்? கண்டுகொள்வதற்குத்தானே கம்பெனி அவளை வைத்திருக்கிறது.

நல்ல சட்டைகள்மேல் சிவப்பு ஸ்டிக்கர் விழ ஆரம்பித்தது. மல்லிகா எடுத்துப் பார்த்தால் பால் மாதிரி இருக்கும் துணி. "என்னக்கா இது?" என்று ஒருநாள் கேட்டாள், மறுநாளும் கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பயந்து கோகிலா கறுப்பாக எதைப் பார்த்தாலும் பூச்சிதான் என்று விட்டுவிடத் தொடங்கினாள். அதில் நிஜமான எண்ணெய்க் கறையோடு ஒரு கட்டுச் சட்டை வெளியே போய்த் திரும்பி வந்துவிட்டது.

"நான் என்ன பண்ணட்டும் சொல்லுங்க," என்றாள் மல்லிகா. "ஒண்ணு லென்ஸ் போட்டுக்குங்க. இல்லைன்னா பேக்கிங்குக்குப் போங்க. பேக்கிங்குக்கும் மெஷின் வருதாமா. உங்க இஷ்டம்."

லென்ஸ் என்றால் அப்போது ஊரெல்லாம் பேச்சாக இருந்த லென்ஸ். கம்பெனிக்காரன் வைத்த பெயர் யார் வாயிலும் நுழையாததால் பூச்சிபிடி என்று ஜனங்கள் பெயர் வைத்திருந்தார்கள். கண்புரைக்குச் செய்கிற மாதிரிதான், கண்ணில் இருக்கும் சொந்த லென்ஸை எடுத்துவிட்டு இதை வைப்பார்கள். முகாம் போட்டு முதலில் பஸ், லாரி டிரைவர்களுக்கு வைத்தார்கள். பிறகு செக்கிங்காரர்கள் முறை வந்தது. முகாமில் டாக்டர் ஹரீந்திரன் என்பவர், நல்ல சிரித்த முகக்காரர், வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் விளக்கம் சொன்னார்.

"நிழல் எங்க விழுதோ அந்த இடத்துல அதே அளவு வெளிச்சத்தைப் போட்டுச் சரிக்கட்டிரும்மா. பக்கத்துல இருக்கறதைப் பார்த்து அந்த இடத்தை அதுவே நிரப்பிக்கும். பூச்சி இருந்த சுவடே தெரியாது. நானே போட்டிருக்கேன், பாருங்க!" என்று கண்ணை அகலத் திறந்து காட்டினார்.

"எது பூச்சி, எது நெசம்னு அதுக்கு எப்படிங்க தெரியும்?" என்று கேட்டாள் கோகிலா. செக்கிங்காரி கேட்க வேண்டிய கேள்வி.

"நீங்களே சொல்லிக் குடுப்பீங்க. வாயால இல்ல, கண்ணால," என்று சிரித்துவிட்டு அவர் அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

கட்டுப் பிரித்துச் சில நாளில் பூச்சிகள் ஒவ்வொன்றாகக் கரைந்தன. வெள்ளை மறுபடி வெள்ளையானது. விளக்கு மேசையில் முதல் சட்டையை விரித்ததும் கோகிலாவுக்கு அழுகையே வந்துவிட்டது. மல்லிகா டீ வாங்கிக் கொடுத்தாள். உலகத்தில் இருக்கிற நல்ல காரியமெல்லாம் தனக்கு நடந்துவிட்ட மாதிரி அன்று மாலை அவள் வீட்டுக்குப் போனாள்.

வீட்டில் புருஷன் பூபதியும், ஒன்றாவது படிக்கும் மகள் சம்யுக்தாவும். பூபதி தையல் மெஷின் மெக்கானிக். அவன் கண்ணை யாரும் கேட்காததால் பிறந்தபோது இருந்த லென்ஸோடுதான் இருந்தான். சம்மு அம்மாவின் கண்ணைக் கிட்டே வந்து பார்த்து, "உள்ள லைட் எரியுதாம்மா?" என்று கேட்டாள். கோகிலா ஒரு நொடி மகளைப் பார்த்தாள். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவள் எப்போதும் அப்படித்தான். அதற்குக் காரணம் இருந்தது.

சம்முவுக்கு முன்னால் ஒரு பையன் இருந்தான். தருண். முதல் பிறந்தநாளுக்குப் பட்டு வேட்டி கட்டி உட்கார வைத்து, வாயில் பருப்புச் சோறு ஊட்டிக்கொண்டே கோகிலா அவனை வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். "என்ற சாமி எத்தனை அழகுடா நீ" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். அந்த வாரமே காய்ச்சல் வந்தது. மூளைக் காய்ச்சல் என்று டாக்டர்கள் சொன்னார்கள். அவர்கள் எது சொன்னால் என்ன? பெற்றவள் கண்தான் எல்லாக் கண்ணிலும் பொல்லாதது என்று கேட்டு வளர்ந்தவள் அவள். பிள்ளை சாப்பிடும்போது பார்க்கக்கூடாது, தூங்கும்போது ரசிக்கக்கூடாது, அழகு என்று மனசில்கூட நினைக்கக்கூடாது. இது தெரிந்தும் பார்த்துவிட்டாள். குழந்தையைக் கொண்டுபோனது தன் கண்தான் என்பதில் அவளுக்குத் துளிகூடச் சந்தேகம் இல்லை.

சம்மு பிறந்ததும், இவளையாவது காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்தாள். ஒரு பார்வை, உடனே திரும்பிவிட வேண்டும். தலை பின்னும்போது உச்சியை மட்டும் பார்ப்பாள். சாப்பாடு போட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் உட்கார்ந்துகொள்வாள். சம்மு எழுந்து ஆடினால், ஓரக்கண்ணால் ஒரு தடவை தொட்டுவிட்டு ஜன்னலைப் பார்ப்பாள். ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை மகளைப் பார்த்தாள். ஆனால் ஆசைதீர ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பாவம், அந்தப் பார்வையை ஏழு வருஷமாக அவள் பட்டினி போட்டு வைத்திருந்தாள்.

லென்ஸ் போட்டுச் சில மாதம் கழிந்தது. பாலத்தின் மேல் பஸ்ஸில் போகும்போது ஆற்றைப் பார்த்தவள் அசந்துபோனாள். சாயக்கழிவு நுரை மலைமலையாக நிற்கும் இடம் அது. பார்த்ததும் எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இப்போது ஒரு பொட்டு நுரை இல்லை.

"ஏனுங்க, ஆத்தைச் சுத்தம் பண்ணிட்டாங்க போல," என்றாள் வீட்டுக்கு வந்து.

"யாரு சொன்னது? இன்னிக்குக் காத்துல நுரை பறந்து வந்து என்ற வண்டிமேல உளுந்துச்சு. நாத்தம் கொடலைப் பொரட்டுது," என்றான் பூபதி. "மூக்குக்கும் ஏதாச்சும் லென்ஸ் போட்டுட்டாங்களா உனக்கு?"

அவள் சிரித்துவிட்டு விட்டுவிட்டாள். பஸ் ஸ்டாண்டில் புண்காலோடு உட்கார்ந்திருந்த பெரியவரைக் காணவில்லை. யாரோ புண்ணியவான் ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பார் என்று சந்தோஷப்பட்டாள். மல்லிகாவின் புருஷன் குடித்துவிட்டு வாசலில் கிடப்பவன். "கொஞ்ச நாளா எங்கூட்டுக்காரரு என் கண்ணுலயே படறதில்லடி. நேத்து அவருமேல தடுக்கி உளுந்த பொறகுதான் அங்க கெடக்கறதே தெரிஞ்சுது" என்று மல்லிகா சாப்பாட்டு வேளையில் சொன்னபோது டேபிளே கொல்லென்று சிரித்தது. எல்லாரும் லென்ஸ் போட்டவர்கள். யாருக்கும் பயம் வரவில்லை.

கோகிலாவுக்குப் பயம் பொட்டில் ஆரம்பித்தது. பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பும்போது சம்முவின் கன்னத்தில் கறுப்பாகத் திருஷ்டிப் பொட்டு வைப்பது வழக்கம். ஒருநாள் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள், பொட்டைக் காணோம்.

"ஏண்டி அழிச்சே?"

"நான் அழிக்கலைம்மா."

"பொய் சொல்லாத." இன்னொன்று வைத்தாள். அதுவும் இல்லை. சற்றுத் தள்ளி இன்னொன்று. முதுகில் ஓர் அடியும் கொடுத்து மறுபடியும் ஒன்று. சாயந்திரம் பூபதி மகளைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தவன் வாசலிலேயே கேட்டான், "என்ன புள்ள இது, புள்ளைக்கு அம்மை போட்ட மாதிரி கன்னமெல்லாம் கரும்பொட்டு? பள்ளிக்கூடத்துல எல்லாரும் சிரிச்சாங்களாமா." கோகிலா உற்றுப் பார்த்தாள். மகளின் கன்னம் துடைத்துவிட்ட மாதிரி வெறுமையாக இருந்தது.

அதன் பிறகு வேகமாக நடந்தது. புருவம் போனது. சிரித்தால் கன்னத்தில் விழும் குழி போனது. ஒருநாள் காலையில் சம்மு எழுந்து வந்தபோது, ரிப்பன் அவிழ்ந்த முடிக்குக் கீழே முகம் இருக்க வேண்டிய இடத்தில் மழமழவென்று வெறும் தோல் மட்டும் இருந்தது. குறையே இல்லாத துணியைப் பார்க்கிற மாதிரி இருந்தது அவளுக்கு. அலறிவிட்டாள். குழந்தை பயந்து அழுதது. அழுகை அந்த வெறும் தோலுக்குள்ளிருந்து வந்தது. கோகிலா கையை நீட்டித் தடவினாள். மூக்கு இருந்தது, உதடு இருந்தது, கண்ணீர்கூட விரலில் ஒட்டியது. கண்ணுக்கு மட்டும் ஒன்றுமில்லை.

தருண் போனதைப் போலவே இவளும் போகிறாள் என்றுதான் முதலில் நினைத்தாள். தன் கண் இந்தக் குழந்தையையும் தின்ன ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தாள். அதனால் யாரிடமும் சொல்லவில்லை. செய்தது என்ன தெரியுமா? இன்னும் குறைவாகப் பார்த்தாள். பார்வை பட்ட மறுநொடி இன்னும் வெடுக்கென்று திரும்பினாள். செய்யக்கூடாத ஒரே காரியத்தைப் பிள்ளையின் உயிரைக் காப்பாற்றுகிற வெறியோடு செய்தாள்.

பள்ளிக்கூட வாசலில் அது முடிந்தது. மணி அடித்துப் பிள்ளைகள் எல்லாரும் வெளியே வந்து, அவரவர் அம்மாவோடு போய், கூட்டம் கலைந்துவிட்டது. சம்முவை மட்டும் காணவில்லை. கோகிலா வாட்ச்மேனைப் பிடித்து உலுக்கினாள். "என்ற புள்ள எங்கீங்க? உள்ள யாரு இருக்கா? டீச்சரைக் கூப்பிடுங்க!"

வாட்ச்மேன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "என்னம்மா விளையாடறீங்களா? கையில யாரைப் புடிச்சிட்டு நிக்கறீங்க?"

அப்போதுதான் தன் சுண்டுவிரலை ஒரு சின்னக் கை பிடித்திருப்பது அவளுக்கு உறைத்தது. எவ்வளவு நேரமாகப் பிடித்திருந்ததோ. குனிந்து பார்த்தாள். சிமெண்ட் தரையும் தன் செருப்பும் தெரிந்தன.

"அம்மா," என்றது குரல், இடுப்புக்குக் கீழேயிருந்து. "நான் வந்து நின்னு நேரமாச்சு. ஏம்மா என்கிட்டப் பேசமாட்டேங்கற? நான் என்ன தப்புப் பண்ணுனேன்?"

அங்கேயே தெருப் புழுதியில் உட்கார்ந்து அவள் அழுத அழுகையை ஊர் பார்த்தது.

பூபதி முதலில் நம்பவில்லை. பிறகு சம்முவை எதிரே நிறுத்தி, "எத்தனை விரல் காட்டறா சொல்லு" என்று கேட்டுவிட்டு, பதில் வராமல் போனதும் சுவரோரம் போய் நின்றுகொண்டான். அடுத்து வந்த நாட்களில் அந்த வீடு ஒரு புதுப் பழக்கத்துக்கு வந்தது. சம்மு எங்கே போனாலும் சொல்லிக்கொண்டே போனாள். "அம்மா, குளிக்கப் போறேன்." "அம்மா, உன் வலப்பக்கம் இருக்கேன்." அம்மா கை காற்றில் தேடினால், அந்தக் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். ஏழு வயசுப் பிள்ளை, யாரும் சொல்லிக் கொடுக்காமல் கற்றுக்கொண்டாள். கொஞ்ச நாளிலேயே அவளிடம் சத்தமும் சிரிப்பும் குறைந்துவிட்டன.

லென்ஸ் வைத்த டாக்டர் ஹரீந்திரனைப் பார்க்க நாள் கிடைத்தது. பூபதி இருவரையும் பைக்கில் கொண்டுவந்து ஆஸ்பத்திரி வாசலுக்குள்ளேயே இறக்கிவிட்டான். "பெருந்துறையில மெஷின் நின்னு கெடக்குது, போயே ஆகணும். திரும்பும்போது எதுத்தாப்ல நின்னு கம்பெனி பஸ்ல வந்துருங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

காத்திருக்கும் இடத்தில் இரண்டு நாற்காலி கிடைத்தது. காக்கிச் சட்டை போட்ட டிரைவர் ஒருவர் வந்து, சம்மு உட்கார்ந்திருந்த நாற்காலியில் தொப்பென்று உட்காரப் போனார். சம்மு சரேலென்று நழுவி அம்மா மடியில் ஏறிக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் அவரவர் கவலையில் வருகிறார்கள் என்று கோகிலா நினைத்துக்கொண்டாள். பெயர் கூப்பிட்டதும் அவளைத் தூக்கிக்கொண்டே உள்ளே போய், மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

டாக்டர் அதே சிரித்த முகத்தோடு எல்லாவற்றையும் கேட்டார். கேட்கக் கேட்கச் சிரிப்பு குறைந்தது. அவள் கண்ணை மெஷினில் வைத்துப் பார்த்துவிட்டு, நாற்காலியை நகர்த்திக்கொண்டு உட்கார்ந்தார்.

"கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்கம்மா. உங்களுக்கு உங்க பொண்ணைப் பிடிக்காதா?"

மடியில் இருந்த உடம்பு அசையாமல் கேட்டுக்கொண்டிருப்பது கோகிலாவுக்குத் தெரிந்தது. "என்னங்க கேள்வி இது? என்ற உசிரே அவதானுங்க."

"கோவிச்சுக்காதீங்க. கண்ணுல பூச்சி வந்தா நாம என்ன பண்றோம்? ஒரு தடவை பாக்கறோம், எரிச்சலாகி உடனே கண்ணைத் திருப்பறோம். மறுபடி பாக்கறோம், மறுபடி திருப்பறோம். லென்ஸ் அதை வெச்சுத்தான் கத்துக்குது. எதைப் பார்த்துப் பார்த்துத் திரும்பிக்கறீங்களோ அது உங்களுக்கு வேண்டாதது, தொந்தரவுன்னு எடுத்துக்கும். ஆத்து நுரை, பிச்சைக்காரர் புண்ணு, இதெல்லாம் மறையுதுன்னு சில பேர் சொன்னாங்க. உண்மையைச் சொன்னா, யாரும் அதைப் பெரிய குறையா எடுத்துக்கலை. ஆனா ஒரு குழந்தை மறையணும்னா, நீங்க அவளை ஆயிரக்கணக்கான தடவை..."

அவர் முடிப்பதற்குள் கோகிலா தருணைப் பற்றிச் சொன்னாள். பருப்புச் சோற்றையும் பட்டு வேட்டியையும் சொன்னாள். பெற்றவள் கண் பட்டுவிடக்கூடாதே என்றுதான் திரும்பிக்கொண்டதாகச் சொன்னாள். "பிடிக்காம திரும்பலீங்க. பறிகொடுத்துருவமோன்னு பயந்துதானுங்க திரும்புனேன்."

"எங்க அம்மாவும் அப்படித்தான்," என்றார் டாக்டர். "இதைச் செஞ்சவங்களுக்கு இந்த வழக்கமெல்லாம் தெரியாதும்மா. வெறுத்துத் திரும்பறதும் ஆசையில திரும்பறதும் லென்ஸுக்கு ஒண்ணுதான்."

"எடுத்துருங்க. பூச்சி வந்தா வரட்டும். வேலை போனாப் போகட்டும்."

"உங்க சொந்த லென்ஸை எடுத்துட்டோமே. இந்த லென்ஸ் வேர் விட்டு இப்ப விழித்திரை வரைக்கும் போயிருச்சு. இழுத்தா அதுவும் கூட வரும். உங்களுக்கு யாருமே தெரியமாட்டாங்க."

"அப்ப அது கத்துக்கிட்டதை மட்டும் அழிச்சிருங்க."

"அழிக்கலாம். காலையில மறுபடி வந்துரும்." அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "ஒருத்தர் கண்ணு கத்துக்கிட்டதை மத்தவங்க கண்ணும் சிரமப்படாமக் கத்துக்கட்டும்னு, தெனமும் எல்லா லென்ஸும் தன் பாடத்தை ஒரு பொது இடத்துக்கு அனுப்பிரும். அங்கிருந்து எல்லாருக்கும் வந்துரும். இப்பப் புதுசாப் போடறவங்களுக்கு ஒரே நாள்ல பூச்சி போயிருது, அது இதனாலதான். பெருமையா இருந்துச்சு எங்களுக்கு. உங்க பாடமும் இப்ப அங்கதான் இருக்கு. அங்க எடுத்தாத்தான் இங்க நிக்கும்."

"அங்க எடுக்க வழியே இல்லீங்களா?"

"ஒரு வழி இருக்கு. குழந்தையோட முகம், உயரம், நடை எல்லாத்தையும் இந்த மெஷின்ல படம் எடுத்து, இது பூச்சியில்ல, மனுஷின்னு கம்பெனிக்குச் சொல்லணும். அவங்க ஒத்துக்கணும். நாளாகும், ஆனா செய்வோம்." அவர் எழுந்து, ஆறுதலாக அவள் தோளைத் தட்டினார். "அடுத்த தடவை வரும்போது பாப்பாவையும் கூட்டிட்டு வாங்க."

கோகிலாவுக்கு அது உடனே புரியவில்லை. மடியில் கனம் அப்படியே இருந்தது. தொடையில் ஒரு ஷூவின் நுனி அழுத்திக்கொண்டிருந்தது.

"கூட்டிட்டுத்தானுங்க வந்திருக்கேன்," என்றாள். "என்ற மடியிலதானுங்க உக்காந்திருக்கா."

டாக்டர் அவள் மடியைப் பார்த்தார். பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். மறுபடி மடிக்கு வந்த அவர் பார்வை அங்கே எதிலும் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போனது.

"நான் இங்க இருக்கேன் டாக்டர்," என்றாள் சம்மு.

மடியிலிருந்து கனம் இறங்கியது. மேசையைச் சுற்றிக் காலடிச் சத்தம் போனது. டாக்டரின் கை தானாக மேலே எழும்புவதையும், பிறகு காற்றில் எதன் மேலோ படிவதையும் கோகிலா பார்த்தாள். அவர் விரல்கள் முடியைத் தொட்டன, ரிப்பனைத் தொட்டன, ஒரு சின்னக் காதைத் தொட்டன. சுட்டுக்கொண்டவர் போல அவர் கையை இழுத்துக்கொண்டார்.

"இதை எத்தனை பேருக்குங்க போட்டிருக்கீங்க?"

அவர் கதவுக்கு வெளியே காத்திருந்த வரிசையைப் பார்த்தார்.

"பஸ் ஓட்டறவங்களுக்கு?"

"அவங்களுக்குத்தான்மா..." என்று ஆரம்பித்தவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "முதல்ல அவங்களுக்குத்தான் போட்டோம்."

அதற்குமேல் அவரிடம் கேட்க ஒன்றுமில்லை. கோகிலா கையை நீட்டினாள். சின்னக் கை வந்து அதில் பொருந்தியது. வாரித் தூக்கி இடுப்பில் வைத்து, இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டு படியிறங்கி வாசலுக்கு வந்தாள். பஸ் நிற்கும் இடம் எதிர்ப்பக்கம் இருந்தது. ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன.

"விடும்மா, நான் நடந்தே வரேன்," என்று சம்மு கீழே இறங்கப் பார்த்தாள். "நான் பெரிய புள்ள. எல்லாரும் பாக்கறாங்க."

"யாரும் பாக்கலை கண்ணு," என்றாள் கோகிலா. சாலையில் கால் வைக்காமல் அங்கேயே நின்றாள்.